பெயர் உண்டு, ஆள் இல்லை



தோட்டத்துப் பெரட்டில் விடியற்காலையில் பெயர் கூப்பிடுவதை நாம் அறிவோம். விஞ்ஞானிகளிடமும் அப்படி ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. இரும்பு, ஈயம், தங்கம் போன்ற தனிமங்களின் அட்டவணையே அது.

1869-ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் மெண்டலீவ், அன்று தெரிந்திருந்த தனிமங்களை எடையும் குணமும் பார்த்து வரிசைப்படுத்தினார். சில இடங்களுக்குப் பொருத்தமான தனிமம் கிடைக்கவில்லை. அவர் அவ்விடங்களைக் காலியாகவே விட்டு, அங்கே வரவேண்டியவற்றின் குணங்களையும் எழுதி வைத்தார். 1875-இல் கேலியம், 1879-இல் ஸ்காண்டியம், 1886-இல் ஜெர்மானியம் என்று மூன்றும் வந்து சேர்ந்தன.

ஒவ்வொரு தனிமத்தின் அணுக்கருவிலும் இத்தனை புரோட்டான் என்று கணக்கு உண்டு. யுரேனியத்துக்கு 92. அதற்கு மேற்பட்டவற்றை 1940 முதல் மனிதனே உண்டாக்கி வருகிறான். ஓர் அணுக்கருவை இன்னொன்றின்மீது மிகுந்த வேகத்தில் மோதவிட்டால், அபூர்வமாக இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்போது இரண்டின் புரோட்டான்களும் கூடிவிடும்.

1999-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடம் 118-ஆம் தனிமம் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. மற்றவர்கள் செய்து பார்த்தார்கள், கிடைக்கவில்லை. பெர்க்லியில் மறுபடி செய்தும் கிடைக்கவில்லை. 2001-இல் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். வராத ஆளுக்குப் பேர் போட்டது போல் ஆகிவிட்டது. பிறகு ரஷ்யாவின் துப்னா நகரில், 20 புரோட்டான் உள்ள கால்சியத்தை 98 உள்ள கலிபோர்னியத்தின்மீது மோதவிட்டு, 2002-இல் உண்மையான 118-ஐக் கண்டார்கள். அது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நிலைக்கவில்லை.

அடுத்தது 119. அதற்கு 'ஒன்று-ஒன்று-ஒன்பது' என்று பொருள்படும் தற்காலிகப் பெயர் மட்டும் இருக்கிறது. கால்சியத்தைக் கொண்டு இதை உண்டாக்க 99-ஆம் தனிமம் தேவை; அது போதிய அளவு கிடைப்பதில்லை. ஆகவே ஜப்பானியர் 23 உள்ள வனேடியத்தை 96 உள்ள கியூரியத்தின்மீது 2018 முதல் மோதவிட்டு வருகின்றனர். 2024-இல் பெர்க்லியில் டைட்டானியத்தைக் கொண்டு, ஏற்கெனவே தெரிந்த 116-ஐ உண்டாக்கிப் பார்த்தனர். 22 நாள் உழைப்பில் கிடைத்தவை இரண்டே அணுக்கள்! அவ்வழியே 120-ஐ அடையலாம் என்பது அவர்கள் நம்பிக்கை.

நேயர்களே, மெண்டலீவ் விட்ட காலியிடம் அவருக்குப் புகழைத் தந்தது. அவசரமாக நிரப்பிய இடம் பெர்க்லிக்குத் தலைகுனிவைத் தந்தது. நம் பிள்ளைகள் "தெரியவில்லை, சார்" என்று சொல்லும்போது நாம் கடிந்துகொள்ள வேண்டாம். அந்த இடம் காலியாக இருக்கட்டும். உரியது ஒருநாள் வந்து அமரும்.