மூலிகைத் தேநீரும் வளர்ப்புப் பூனைகளும்

மூலிகைத் தேநீர் என்பது தேயிலைச் செடி (கமேலியா சினென்சிஸ்) அல்லாத பிற தாவரங்களின் இலை, பூ, வேர் முதலியவற்றை வெந்நீரில் ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ பெறப்படும் பானம் ஆகும். சித்த மருத்துவத்தின் குடிநீர், கசாயம் ஆகியனவும் இத்தகையனவே. மனிதருக்குத் தீங்கற்ற மூலிகைகள் சில பூனைகளுக்கு நஞ்சாக அமைகின்றன. ஆதலால் பூனைகளுக்கு மூலிகைத் தேநீர் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

உடற்செயலியல் காரணம்

பூனை ஓர் ஊனுண்ணி. தாவரங்களில் காணப்படும் பீனால் வகை வேதிப்பொருட்களைக் கல்லீரலில் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைத்து வெளியேற்றும் திறன் அதற்குக் குறைவு. இப்பணியில் பங்குபெறும் யுஜிடி1ஏ6 என்னும் நொதிக்குரிய மரபணு பூனைகளில் செயலிழந்துள்ளதை 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லக்கூடியதாக இருப்பதற்கும் இக்குறைபாடே முக்கிய காரணம். மேலும், வளர்ந்த பூனையின் எடை ஏறத்தாழ 4 கிலோகிராம் மட்டுமே. 60 கிலோகிராம் எடையுள்ள மனிதர் அருந்தும் அளவு அதற்கு 15 மடங்காகிவிடும்.

தீங்கு விளைவிப்பவை

* லில்லி: லிலியம், ஹெமரோகாலிஸ் ஆகிய பேரினங்களின் எல்லாப் பகுதிகளும் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பூச்சாடியில் உள்ள நீரைப் பருகுவதும் ஆபத்தானது. இவற்றின் உலர்ந்த மொட்டுகளும் கிழங்குகளும் சீன உணவிலும் மருந்திலும் பயன்படுகின்றன.
* பென்னிராயல் (மென்தா புலேஜியம்): இதிலுள்ள புலகோன் கல்லீரலைச் சிதைக்கும்.
* சீமைச்சாமந்தி (கெமோமைல்), புதினா, எலுமிச்சைப்புல்: வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கலாம். இவற்றின் நறுமண எண்ணெய்கள் தேநீரைவிடப் பன்மடங்கு செறிவானவை.
* வெங்காயம், பூண்டு: இவை சேர்ந்த கசாயம் சிவப்பணுக்களை அழித்துக் குருதிச்சோகையை ஏற்படுத்தும்.
* காஃபீன்: தேயிலை, யெர்பா மாத்தே ஆகியவற்றில் உள்ளது. அமைதியின்மை, இதயத்துடிப்பு மிகுதல், வலிப்பு ஆகியன இதன் அறிகுறிகள். வடித்த தேநீரைவிட உலர்ந்த தூளை உண்பது கேடு மிக்கது.

பூனைகளைக் கவரும் மூலிகைகள்

கேட்னிப் (நெபெட்டா கட்டாரியா) என்னும் செடியிலுள்ள நெப்பெட்டலாக்டோன் பூனைகளைக் கவர்கிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பூனைகளே இதற்கு எதிர்வினை காட்டுகின்றன. இப்பண்பு மரபுவழி வருவது. ஆறவைத்த, நீர்த்த கேட்னிப் தேநீர் சிறிதளவில் பெரும்பாலும் தீங்கற்றது. அளவு மிகுந்தால் வாந்தி ஏற்படும்.

தமிழ்நாட்டில் பரவலாக வளரும் குப்பைமேனியின் (அகாலிபா இண்டிகா) வேரும் பூனைகளை ஈர்க்கும். இதற்குப் பூனைவணங்கி என்ற பெயரும் உண்டு. எனினும், இச்செடியில் சயனைடைத் தோற்றுவிக்கக்கூடிய அகாலிபின் உள்ளது. பூனை விரும்பி நாடுவது ஒரு மூலிகை பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது.

மருந்தாகக் கொடுத்தல்

நோயுற்ற பூனைக்கு வீட்டிலேயே கசாயம் புகட்டுவதில் மூலிகையின் நஞ்சைத் தவிர வேறு இடர்களும் உள்ளன. வலுக்கட்டாயமாக ஊற்றப்படும் நீர்மம் மூச்சுக்குழலுக்குள் சென்று நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். தக்க மருத்துவம் தாமதமாவது மற்றொரு கேடு. எடுத்துக்காட்டாக, ஆண் பூனைகளுக்கு ஏற்படும் சிறுநீர் அடைப்பு சில நாட்களுக்குள் உயிரைப் பறிக்கும். அதனைக் குடிநீர்களால் நீக்க இயலாது. சிறுநீர் கழிக்க முயன்றும் வெளியேறாத பூனைக்கு உடனடி மருத்துவம் தேவை.

முதலுதவி

நஞ்சான மூலிகையைப் பூனை உட்கொண்டிருந்தால், எஞ்சிய இலை அல்லது பொட்டலத்துடன் விரைந்து கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. லில்லி நஞ்சில், அறிகுறிகள் தோன்றும்வரை காத்திராமல், சிரை வழியாக நீர்மம் செலுத்தும் சிகிச்சையை 18 மணி நேரத்திற்குள் தொடங்குவது உயிர்பிழைக்கும் வாய்ப்பைப் பெரிதும் கூட்டுகிறது.