எண்வழிக் கட்டுப்பாட்டு யந்திரங்களும் அவற்றின் ஆணைமொழியும்

உலோகத்தைக் கடைந்தும் செதுக்கியும் துளைத்தும் உருவம் கொடுக்கும் யந்திரங்களை, தொழிலாளியின் கைப்பிடித் திருப்பலுக்கு விட்டுவிடாமல், முன்கூட்டியே எண்ணாலும் எழுத்தாலும் எழுதிவைத்த ஆணைத்தொடர் ஒன்றைக் கொண்டு இயக்கும் முறைக்கு எண்வழிக் கட்டுப்பாடு என்று பெயர். அவ்வாணைகளைச் சிறு கணிப்பொறியொன்று தன் நினைவகத்தில் தாங்கி நிறைவேற்றத் தொடங்கிய பிறகு, இம்முறை சி.என்.சி. என்னும் மூன்றெழுத்துச் சுருக்கத்தால் வழங்கலாயிற்று. கணிப்பொறியின் ஆதி சரித்திரத்தை எழுதுவோர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களையும், படைத்துறையின் கணக்கீட்டு அறைகளையும், அவற்றுக்கு அடுத்தபடியாக வங்கிகளையும் காப்பீட்டு அலுவலகங்களையுமே சுற்றி வருவது வழக்கமாதலின், பட்டறைக்குள் புகுந்த இந்தக் கிளைக்கு அவர்கள் நூல்களில் கிடைக்கும் இடம் சில பக்கங்களே. ஆயினும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தைப் பொறுத்தமட்டில், சாதாரண உழைப்பாளி மக்கள் புரோகிராம் என்னும் விஷயத்தோடு கைபழகியது பெரும்பாலும் இந்தக் கிளையின் வழியாகவே என்று சொல்வது மிகையாகாது.

துளையிட்ட அட்டையைக் கொண்டு யந்திரத்துக்கு ஆணையிடலாம் என்ற எண்ணம் நெசவுத் தொழிலில் பிறந்தது. 1725-இல் பிரான்சில் பசீல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பொருத்தினார். 1804-இல் ஜக்கார்டு அதனைப் பூரணப்படுத்தினார். பாபேஜ் தாம் திட்டமிட்ட பகுப்பாய்வு யந்திரத்துக்கு ஜக்கார்டின் அட்டைகளையே கடன் வாங்கினார். ஹொலரித் 1890-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிக்கணக்குக்கு அட்டைகளைப் பயன்படுத்தினார். இவை பலரும் அறிந்த செய்திகள். அட்டையில் உள்ள எண் உலோகம் வெட்டும் கருவியை நகர்த்தக் கூடும் என்ற கருத்துத் தோன்ற மட்டும் மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1940-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த டிராவர்ஸ் சிட்டியில், ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர்களுக்குச் சுழலிறக்கை செய்துகொடுக்கும் தொழிலை நடத்திவந்தார். இறக்கையின் குறுக்குவெட்டு நுட்பமான வளைகோடு. அதற்கேற்ற அச்சுத் தகட்டை வெட்டுவதற்கு, வரைபடத்தில் கொடுக்கப்பட்ட 17 புள்ளிகளைத் தொழிலாளி வளைகோல் வைத்து இணைத்து, இடைப்பட்ட பகுதியைக் கண்மதிப்பால் அராவி முடிப்பதே அந்நாளைய சம்பிரதாயம். பார்சன்ஸின் பொறியாளரான ஃபிராங்க் ஸ்டூலன், அலுவலகக் கணக்குக்கென்று செய்யப்பட்ட ஐ.பி.எம். 602ஏ என்னும் அட்டைப் பெருக்கல் யந்திரத்தைக் கொண்டு, 17 புள்ளிகளுக்குப் பதிலாக 200 புள்ளிகளைக் கணக்கிட்டுப் பட்டியலாக்கினார். பிறகு அரைவை யந்திரத்தின் முன் மூவர் நின்றனர்: ஒருவர் பட்டியலிலிருந்து எண்ணை உரக்கப் படிக்க, மற்றொருவர் நீளவாட்டுக் கைப்பிடியையும் மூன்றாமவர் குறுக்குவாட்டுக் கைப்பிடியையும் அந்தந்த எண் வரை திருப்ப, ஒவ்வொரு புள்ளியிலும் கருவி இறங்கி உலோகத்தைத் தொட்டு மீண்டது. மிஞ்சிய மெல்லிய மேடுகளை அராவி எடுத்தால் போதுமானதாயிற்று. எண் படிப்பவருடைய வாயையும் கைப்பிடி திருப்புவோருடைய தோளையும் நீக்கிவிட்டு அட்டையையும் மோட்டாரையும் அவ்விடத்தில் வைத்தால் என்ன என்று பார்சன்ஸ் கேட்ட கேள்வியிலிருந்தே இக்கட்டுரையின் பொருள் முழுவதும் கிளைத்தது எனலாம்.

1949-இல் அமெரிக்க விமானப்படை இதற்குப் பொருளுதவி அளித்தது. மோட்டாரைக் குறித்த இடத்தில் நிறுத்தும் வித்தையில் தேர்ந்த மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தைப் பார்சன்ஸ் துணைக்கு அழைத்தார். அழைத்தவர் நாளடைவில் ஓரங்கட்டப்பட, அழைக்கப்பட்டவர்கள் வேலை முழுவதையும் தம் வசமாக்கிக்கொண்டனர். 1952-இல் அவர்கள் பொதுமக்களுக்குக் காட்டிய யந்திரம், சின்சினாட்டி நிறுவனத்தின் அரைவை யந்திரமொன்றில் மூன்று அச்சுகளையும் காகித நாடாவின் ஆணைப்படி ஒருங்கே நகர்த்தியது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஏறக்குறைய 300 வெற்றிடக் குழாய்கள் இருந்தமையால், பெட்டி யந்திரத்தைவிடப் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டது. பார்சன்ஸும் ஸ்டூலனும் பெற்ற காப்புரிமை 1958-இல் வழங்கப்பட்டது. 1985-இல் அமெரிக்க அரசாங்கம் தன் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை இருவருக்கும் அளித்தது. நியாயம் தாமதமாகவேனும் வந்தது.

யந்திரம் ஆயிற்று, அதற்கு நாடா எழுதுவோர் யார் என்பதே அடுத்த இடர்ப்பாடு. ஒரு வளைந்த பகுதியை வெட்டுவதற்கு வேண்டிய ஆயிரக்கணக்கான எண்களை மனிதர் கையால் கணக்கிடுவதானால், வெட்டும் நேரத்தைவிட எழுதும் நேரம் பல மடங்காகிவிடும். அக்கழகத்திலேயே இருந்த வேர்ல்விண்ட் கணிப்பொறியைக் கொண்டு இந்தக் கணக்கீட்டைச் செய்து பார்த்தனர். 1956 முதல் டக்ளஸ் ராஸ் என்பவர் தலைமையில் உருவான ஏ.பி.டி. என்னும் மொழியில், பகுதியின் வடிவத்தைப் புள்ளி, கோடு, வட்டம் என வருணித்து, கருவி இடப்புறம் செல்க, வலப்புறம் செல்க, முன்னே செல்க என்று சொற்களால் எழுதினால், கருவி செல்லவேண்டிய தடத்தைக் கணிப்பொறி தானே வகுத்துக்கொடுத்தது. ஃபோர்ட்ரான் வெளிவந்த 1957-ஐ ஒட்டிய காலம் அது. கணித சூத்திரங்களுக்கு ஃபோர்ட்ரான் செய்த உபகாரத்தை வடிவங்களுக்கு ஏ.பி.டி. செய்தது. 1959 பிப்ரவரியில் நடந்த பத்திரிகையாளர் கூட்டத்தில், அம்மொழியைக் கொண்டு அலுமினியத்தில் வெட்டிய சாம்பல் கிண்ணம் ஒன்று வந்திருந்தோருக்கு நினைவுப் பொருளாக வழங்கப்பட்டது. சிகரெட் புகையும் விஞ்ஞானமும் ஒரே அறையில் இருந்த காலம்!

ஏ.பி.டி. பெரிய கணிப்பொறிகளில் ஓடியது; பட்டறை யந்திரத்துக்கு வந்துசேர்ந்தது அதனினும் எளிய, அதனினும் பிடிவாதமான மற்றொரு மொழி. அதனை ஜி கோடு என்பர். ஒவ்வொரு வரியும் எழுத்தும் எண்ணும் இணைந்த சில துண்டுகளால் ஆனது: ஜி என்பது அசைவின் வகை, எக்ஸ், ஒய், இசட் என்பன செல்லவேண்டிய இடம், எஃப் என்பது வெட்டும்போது கருவி முன்னேறும் வீதம், எஸ் என்பது சுழற்சி, டி என்பது கருவியின் இலக்கம், எம் என்பது சுழல்தண்டை ஓட்டுதல், நிறுத்துதல் போன்ற பிற செயல்கள். கடைசல் யந்திரத்தில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டை 48-ஆகக் குறைக்க வேண்டுமெனில், ‘ஜி00 எக்ஸ்48 இசட்2’ என்ற வரி கருவியை விரைவாகத் தண்டின் முகத்துக்கு 2 மில்லிமீட்டர் முன்னே கொண்டுவந்து நிறுத்தும்; ‘ஜி01 இசட்-40 எஃப்0.2’ என்ற அடுத்த வரி, சுழற்சிக்கு 0.2 மில்லிமீட்டர் வீதம் 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு அதனை நேர்கோட்டில் வெட்டச் செய்யும். ஜி02 வலஞ்சுழி வில், ஜி03 இடஞ்சுழி வில். ஒருமுறை ஜி01 என்று எழுதிவிட்டால், வேறோர் அசைவு வகையைச் சொல்லும்வரை அதுவே செல்லுபடியாகும் என்பது இதன் இலக்கணத்தில் முக்கியமான விதி. புதிதாகப் பழகுவோர் ஜி00-ஐ மாற்ற மறந்து கருவியை முழுவேகத்தில் உலோகத்தில் மோதவிடும் விபத்துகளில் பல இவ்விதியை மறந்ததன் பலன்.

இவ்வரிகள் ஓரங்குல அகலமும் எட்டுத் தடமும் கொண்ட காகித நாடாவில் துளைகளாக ஏறின. அமெரிக்க மின்னணுத் தொழிலோர் சங்கத்தின் முறைப்படி ஒவ்வொரு வரிசையிலும் துளைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருத்தல் வேண்டும். எண்ணெய்க் கறையோ உலோகச் சுருளோ ஒரு துளையை அடைத்துவிட்டால் எண்ணிக்கை இரட்டையாகி, யந்திரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நாடா சுருட்டித் திரும்பும்போது எங்கே நிற்பது என்பதைச் சொல்ல அதன் தலைப்பில் சதவீதக் குறியொன்றை இட்டனர். நாடாவைக் கண்ணால் பார்த்திராத இளைஞர்கள் பென் டிரைவில் கொண்டுபோகும் கோப்பிலும் அந்தக் குறி இன்றளவும் முதல் வரியில் நிற்கிறது.

இந்தியாவில் கணிப்பொறியின் வருகை வேறு வாயில்களால் நிகழ்ந்தது. 1950-களின் நடுவில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகம் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்னும் பொறியை வரவழைத்தது. பம்பாயில் டாட்டா ஆதார ஆராய்ச்சிக் கழகத்தார், சென்னையில் பிறந்தவரான ஆர். நரசிம்மன் தலைமையில், டிஃப்ராக் என்னும் பொறியைத் தாமே வடிவமைத்து 1960-இல் இயக்கிவைத்தனர். 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தது, ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அங்கு ஆசிரியராக இருந்து புரோகிராம் எழுதும் கலையைப் பாடமாக்கினார். இவ்விருவரும் தமிழ்நாட்டார் என்பதைத் தவிர, இவர்கள் வழிக்கும் ஓசூர்ப் பட்டறைகளுக்கும் நேரான தொடர்பு குறைவு.

ஓசூருக்கு வந்த வழி பெங்களூரின் வழி. அந்நகரில் 1953-இல் ஸ்தாபிக்கப்பட்ட எச்.எம்.டி. நிறுவனமும், 1962-இல் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு தோன்றிய மத்தியக் கருவி யந்திரக் கழகமும் இந்நாட்டின் கருவி யந்திரத் தொழிலுக்கு ஆதாரத் தூண்களாக நின்றன. பீணியாத் தொழிற்பேட்டையில் ஏஸ் டிசைனர்ஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் பின்னர் எழுந்தன. தமிழ்நாட்டு அரசின் சிப்காட் நிறுவனம் 1970-களில், பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், ஜூஜூவாடிச் சோதனைச் சாவடிக்கு இப்பால் ஓசூரில் தொழில்வளாகம் அமைத்தபோது, பெங்களூரின் திறமையும் தமிழ்நாட்டின் நிலமும் சலுகையும் ஓரிடத்தில் கூடின. 1980-இல் அசோக் லேலண்டு ஆலையும், அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து நிறுவிய டைட்டன் கடிகாரத் தொழிலும் இங்கே வேரூன்றின. விமானத் தொழிலுக்கும் இந்த மண் அந்நியமன்று: பேளகொண்டபள்ளியில் தனேஜா நிறுவனம் தனி ஓடுபாதையோடு சிறு விமானங்களையும் விமானப் பகுதிகளையும் செய்தது. ஹெலிகாப்டர் இறக்கைக்காகப் பிறந்த ஒரு முறை, மொபெட்டின் பற்சக்கரத்துக்கும் விமானத்தின் உறுப்புக்கும் ஒருசேர இவ்வூரில் பயன்பட்டது.

ஆரம்பத்தில் இத்தகைய யந்திரங்கள் பெரிய ஆலைகளுக்கே எட்டுவனவாக இருந்தன. 1971-இல் நுண்செயலி வெளிவந்து வெற்றிடக் குழாய்ப் பெட்டியின் வேலை ஒரு சில்லில் அடங்கியதும், ஜப்பானில் 1956 முதல் இத்துறையில் உழைத்த இனபா செயிவெமோன் உருவாக்கிய ஃபனுக் 1972-இல் தனி நிறுவனமாகி, மலிவும் உறுதியும் மிக்க கட்டுப்பாட்டுப் பெட்டிகளை உலகுக்கு வழங்கியதும் நிலைமையை மாற்றின. 1991-க்குப் பிறகு இறக்குமதித் தடைகள் தளர, 1992-இல் ஃபனுக் பெங்களூரில் கிளை தொடங்கிற்று. அதன்பின் சிட்கோ பேட்டைகளிலும் வீட்டை ஒட்டிய கொட்டகைகளிலும் வங்கிக் கடனில் வாங்கிய ஒரு சி.என்.சி. லேத்தை வைத்து, பெரிய ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்வோர் பெருகினர்.

இங்கே ஒரு சர்ச்சையைக் குறிப்பிடுதல் அவசியம். டேவிட் நோபிள் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1984-இல் வெளியிட்ட நூலில், தேர்ந்த தொழிலாளியின் கையசைவையே நாடாவில் பதிந்து திரும்ப ஓட்டும் மாற்றுமுறையொன்று 1940-களிலேயே இருந்தும் அது கைவிடப்பட்டதற்கு, திறமையைப் பட்டறையிலிருந்து பிடுங்கி அலுவலக மேசைக்கு மாற்றவேண்டும் என்ற நிர்வாகத்தின் ஆசையும் ஒரு காரணம் என வாதித்தார். அமெரிக்கப் பெருநிறுவனங்களுக்கு அவ்வாதம் பொருந்தலாம். ஓசூரின் சிறு பட்டறைகளில் அந்தப் பிரிவினை முழுமை பெறவேயில்லை என்பது என் அபிப்பிராயம். ஆபரேட்டர் யந்திரத்தை ஓட்டுகிறார், செட்டர் கருவிகளைப் பொருத்துகிறார், புரோகிராமர் எழுதுகிறார் என்று சொல்லப்பட்டாலும், முதலாளியே மூன்றுமாக இருக்கும் பட்டறைகள் உண்டு. அவ்வாறில்லாத இடத்திலும், முதல் ஜாப்பை மைக்ரோமீட்டரால் அளந்து, விட்டம் இரண்டு ஸ்தான தசமத்தில் மிகுந்திருந்தால் ஆஃப்செட் பக்கத்தில் அத்தனையைக் குறைத்துத் தட்டுபவரும், இரண்டு விரைவு அசைவுகளை ஒன்றாக்கிச் சைக்கிள் டைமில் சில விநாடிகளை மிச்சப்படுத்துபவரும் யந்திரத்தின் முன் நிற்பவரே. கருவியின் முனை தேய்வதையும் வெட்டும் ஒலி மாறுவதையும் புரோகிராம் அறியாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் தொன்றுதொட்டு வழங்கும் இவ்வட்டாரத்தில், வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளரின் இந்தியும் ஒடியாவும் இப்போது சேர்ந்துள்ளன. தங்களுக்குள் ஒருவர் பேச்சு மற்றவர்க்கு அரைகுறையாகவே விளங்கும் இரு ஷிப்டினர், திரையில் விட்டுச்சென்ற ஜி, எம் வரிகளைத் தயக்கமின்றிப் படித்துக்கொள்கின்றனர்.

இன்று வளைந்த வடிவங்களுக்கு கேம் என்னும் மென்பொருளே தடத்தை வகுத்துத் தருகிறது; ராஸின் ஏ.பி.டி.யில் தொடங்கிய வேலைப் பிரிவினை, அதாவது வடிவக் கணக்கை முதலில் முடித்து, பிறகு அந்தந்த யந்திரத்தின் வழக்குக்கேற்ப அதனை ஜி கோடாக மாற்றும் ஏற்பாடு, அதனுள்ளும் அவ்வாறே தொடர்கிறது. நேரான கடைசல் வேலைக்கு ஓசூரில் பலர் பெட்டியின் விசைப்பலகையிலேயே வரி வரியாகத் தட்டிக்கொள்கின்றனர். இப்பழைய மொழிக்குப் பதிலாக, கருவியின் அசைவைச் சொல்லாமல் பகுதியின் வடிவத்தையே யந்திரத்திடம் ஒப்படைக்கும் ஸ்டெப்-என்.சி. என்னும் முறையைச் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 2000-களில் வெளியிட்டது. அது ஆராய்ச்சிக் கூடங்களைத் தாண்டி அதிகம் பரவவில்லை, புதிதாக வந்திறங்கும் யந்திரங்களும் ஜி00, ஜி01 என்றே ஆணை கேட்கின்றன.