இதழியல் எம்.ஏ. சேர எந்தப் பட்டம் வேண்டும்?

தேனி மாவட்டத்து ஓடைப்பட்டி என்றதும் பலருக்கும் விதையில்லாத் திராட்சைதான் நினைவுக்கு வரும். அந்த ஊரிலிருந்து உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரிக்குப் போய் பி.காம். முடிக்கும் ஒருவர், அடுத்து தொடர்பியலிலோ இதழியலிலோ எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டால் முடியுமா? முடியும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் இதற்குக் கேட்பது ஏதாவது ஒரு இளங்கலைப் பட்டம்தான். எம்.எஸ்சி. வேதியியல் சேர வேண்டுமென்றால் பட்டப்படிப்பிலும் வேதியியல் படித்திருக்க வேண்டும். இதழியலுக்கு மட்டும் ஏன் இந்தத் தாராளம்? காரணம் தெரிய கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1878-ல் சென்னையில் ‘தி இந்து’ இதழைத் தொடங்கியவர்கள் ஆறு பேர். அவர்களில் நான்கு பேர் சட்ட மாணவர்கள், இரண்டு பேர் ஆசிரியர்கள். கையில் காசில்லாமல் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சடித்தார்கள். அந்த ஆசிரியர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் ‘சுதேசமித்திரன்’ தொடங்கினார். மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த பாரதியார் 1904-ல் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தார். பாரதியாரிடம் கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லை. ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ இதழ்களின் ஆசிரியர் திரு.வி.க. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். ஒத்துழையாமை இயக்கத்துக்காக 1921-ல் பள்ளியை விட்ட கல்கி, பிறகு அதே நவசக்தியில் சேர்ந்து தொழில் பழகினார். இன்றைய எம்.ஏ. விண்ணப்பப் படிவத்தை நீட்டியிருந்தால் இந்த மூவரும் ‘கல்வித் தகுதி’ என்ற கட்டத்திலேயே நின்றிருப்பார்கள்!

இதை ஒரு படிப்பாக்க வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் வலுப்பெற்றது. 1908-ல் மிசௌரியில் இதழியல் கல்லூரி வந்தது. புலிட்சர் விட்டுச்சென்ற பணத்தில் 1912-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இன்னொன்று வந்தது. 1935-ல் கொலம்பியா தன் பள்ளியை முதுகலைக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டது. முதலில் ஏதாவது ஒரு துறையில் பட்டம் பெற்று வா, எழுதும் தொழிலை இங்கே கற்றுக்கொள் என்பது அதன் பொருள். பி.காம். படித்தவருக்கும் கதவு திறப்பதற்கு அடிப்படை இந்த எண்ணம்தான். வரவு செலவுத் திட்டம் பற்றி எழுத வணிகவியல் தெரிந்தவரும் வேண்டும், நோய்களைப் பற்றி எழுத உயிரியல் தெரிந்தவரும் வேண்டும் அல்லவா?

இந்தியாவில் முதல் முயற்சி நம் அடையாறில் நடந்தது. 1920-ல் அன்னி பெசன்ட் அங்கிருந்த தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் வகுப்பைத் தொடங்கினார். லாகூரில் 1941-லும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947-லும் இதழியல் துறைகள் வந்தன. டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் 1965-ல் அமைந்தது. தொடக்க காலத்தில் பெரும்பாலும் சான்றிதழ், டிப்ளமோ படிப்புகள்தான். எம்.ஏ. என்ற பெயர் பரவியது பின்னால்தான்.

இதற்கிடையே தமிழ்நாட்டில் வேறொரு வாசலும் திறந்தது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. கம்பம் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் தோட்ட வேலைக்கும் கடை வேலைக்கும் போய்க்கொண்டே படிக்க இது பெரிய உதவி. அதன் தொடர்ச்சியாகத் திறந்தவெளி முறை வந்தது. குறிப்பிட்ட வயதைக் கடந்தவர்கள் இளங்கலைப் பட்டம் இல்லாமலேயே நேராக எம்.ஏ. சேரலாம் என்று அதில் இடம் தரப்பட்டது. பலர் சேர்ந்தார்கள்.

சிக்கல் வெடித்தது ஓர் ஊடக நிறுவனத்தில் என்பதுதான் வேடிக்கை. சென்னையிலுள்ள அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவிக்கு வந்த ஒருவர் திரைப்பட டிப்ளமோ படித்தவர், எம்.ஏ. பட்டத்தை இளங்கலை இல்லாமல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி முறையில் பெற்றவர். அந்தப் பட்டம் செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985-ஆம் ஆண்டு விதிகளின்படி மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் இல்லாமல் முதுகலைப் பட்டம் தர முடியாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசும், பத்து, பிளஸ் டூ என்ற வரிசையில் வராமல் திறந்தவெளியில் பெற்ற பட்டங்கள் அரசு வேலைக்குச் செல்லாது என்று ஆணையிட்டது.

சட்டத்தின்படி பார்த்தால் இது சரிதான். ஆனால் அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். விளம்பரம் செய்து, கட்டணம் வாங்கி, தேர்வு வைத்து, பட்டமும் கொடுத்தவை பல்கலைக்கழகங்கள். வேலையையும் பதவி உயர்வையும் இழக்க நேர்ந்தவர்களோ அந்தப் பட்டத்தை நம்பிப் படித்தவர்கள்.

எனவே இன்று எந்தப் பாடம் என்பதைவிட எந்த வரிசை என்பதே முக்கியம். பத்து, பிளஸ் டூ, மூன்றாண்டு பட்டம், அதன்மேல் இரண்டாண்டு எம்.ஏ. நான்காண்டு இளங்கலை படித்தவர்களுக்கு ஓராண்டு முதுகலை போதும் என்று மானியக் குழு 2024-ல் வகுத்த நெறிமுறை இடம் தருகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சென்னையில் 2000 முதல் இயங்கும் ஆசிய இதழியல் கல்லூரி தருவது டிப்ளமோ. டெல்லி நிறுவனமும் 2024-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்படும் வரை டிப்ளமோதான் தந்தது. பத்திரிகை வேலைக்கு இவற்றுக்கு நல்ல மதிப்பு உண்டு. கல்லூரி ஆசிரியராக விரும்பி ‘நெட்’ தேர்வு எழுதப் போகிறவருக்கோ முதுகலைப் பட்டமே வேண்டும்.

திருவாரூர் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வும் இருக்கிறது. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து, பி.காம். பட்டத்தோடு போகிற ஓடைப்பட்டி மாணவருக்குப் பட்டத்தால் தடையில்லை. ஆனால் அந்தத் தேர்வின் இதழியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கிறது.