வணிகச் சின்னப் பதிவு (இந்தியா)

ஒருவரின் சரக்கையோ சேவையையோ பிறருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர், எழுத்து, படம் முதலியவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு பெறும் முறை, பேச்சுவழக்கில் டிரேட்மார்க் பதிவு. இதற்கான 1999ஆம் ஆண்டுச் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டுக்குரிய பதிவகம் சென்னை கிண்டியில் இயங்குகிறது.

சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி இணையவழி விண்ணப்பத்துக்கு வகுப்பு ஒன்றுக்குத் தனிநபரும் சிறு நிறுவனமும் ரூ. 4,500 செலுத்த வேண்டும்; மற்றவர்களுக்கு இரு மடங்கு. ஏற்கப்பட்ட சின்னம் வணிகச் சின்ன இதழில் வெளியாகும். நான்கு மாதங்களுக்குள் எவரும் ஆட்சேபிக்கலாம். பதிவு விண்ணப்பத் தேதியிலிருந்து 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். தொடர்ந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் கிடந்தால் நீக்கக் கோரலாம்.

சிறுதொழில் செய்வோர் பலர் சறுக்குவது பெயர்த் தேர்வில்தான். ஊறுகாய்க்கு ‘காரசாரம்’ என்பதுபோல் சரக்கின் குணத்தையே சொல்லும் பெயருக்குப் பொதுவாகப் பதிவு கிடைப்பதில்லை. ஜிஎஸ்டி பதிவோ உணவு உரிமமோ இருந்தால் பெயரும் தமதே என்று நினைப்பதும் தவறு. பதிவு செய்யாதவர், நீண்ட பயன்பாட்டால் பெற்ற நற்பெயரைக் காட்டிப் போலிக்கு எதிராக வழக்குத் தொடரலாம். ஆனால் அந்த நற்பெயரை அவரே மெய்ப்பிக்க வேண்டும், அது எளிதன்று. பதிவாகும் முன்பே வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியை அச்சிடுவது அபராதத்துக்குரிய சட்டமீறல்.