அலமாரியில் இருந்த விதி அறுவைக்கூடத்துக்கு வந்த கதை

வலப்பக்க அடிவயிற்றில் வலி என்று ஒருவர் நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். குடல்வால் வீக்கமா, வேறு ஏதாவதா? ஸ்கேன் இல்லாத காலம். பணியில் இருப்பவரோ இளம் டாக்டர். அறுக்காமல் விட்டால் குடல்வால் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவசரப்பட்டு அறுத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, தழும்புதான் மிச்சம். எதை எதைப் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் எழுதித்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் அந்தப் பக்கத்தை யார் புரட்டுவது?

இன்று டாக்டர்கள் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் விவரங்களைத் தட்டினால், சிகிச்சை நெறிமுறை என்ன சொல்கிறது என்பது திரையில் வந்து நிற்கிறது. இந்தப் பழக்கத்தின் வேரைத் தேடிப் போனால் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம் வருகிறது. அங்கே டி டொம்பல் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் பழைய நோயாளிகளின் அறிகுறிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். புதிதாக வருபவரின் அறிகுறிகளைக் கொடுத்தால், எந்த நோய்க்கு எவ்வளவு வாய்ப்பு என்று அது கணக்கிட்டுச் சொல்லும். கணக்கு 18-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் பேய்ஸ் விட்டுச் சென்றது. அதையே 1774-ல் தனியாகக் கண்டறிந்தவர் பிரெஞ்சுக்காரரான லாப்லாஸ். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தப் பெயரை இங்கே பார்த்ததில் ஒரு தனி மகிழ்ச்சி.

1972-ல் முடிவு வெளிவந்தது. 304 நோயாளிகளில் கம்ப்யூட்டர் சரியாகச் சொன்னது 91.8 சதவீதம். மூத்த மருத்துவர்கள் 79.6 சதவீதம்.

இதைவிட முக்கியமான செய்தி 1974-ல் வந்தது. சோதனை நடந்த காலத்தில் டாக்டர்களின் கணிப்பே மேம்பட்டிருந்தது. அறுவைக்கு முன்பே குடல்வால் வெடித்துவிடுவது 36 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. வீண் அறுவைகளும் குறைந்தன. சோதனை முடிந்ததும் எல்லாம் பழைய நிலையை நோக்கித் திரும்பின! டாக்டர்கள் அதே டாக்டர்கள்தான், படிப்பும் அதே படிப்புதான். ஒவ்வொரு நோயாளிக்கும் கேள்விகளை வரிசையாகக் கேட்டு, ஒரே மாதிரிப் படிவத்தில் நிரப்பி, பின்னர் தம் கணிப்பு சரியா என்று பார்த்துக்கொள்ளும் ஒழுங்கு போய்விட்டது.

அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவர்களுக்கு இது புதிதல்ல. நடைமுறை நூல் அலமாரியில் தடிமனாக இருக்கும். ஆனால் வேலையைச் சரியாக நடத்தியது படிவத்தில் இருந்த கலங்கள்தான். கலம் காலியாக இருந்தால் கோப்பு மேலே போகாது.

1986-ல் 8 ஆஸ்பத்திரிகளில் 16,737 நோயாளிகளிடம் லீட்ஸ் முறை பரிசோதிக்கப்பட்டது. முதல் கணிப்பு சரியாக இருப்பது 45.6 சதவீதத்திலிருந்து 65.3 ஆக உயர்ந்தது. அதே ஆண்டு அல்வராடோ என்ற மருத்துவர் கம்ப்யூட்டரே வேண்டாத வழி ஒன்றைத் தந்தார். எட்டு விவரங்கள், மொத்தம் 10 மதிப்பெண். விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று செல்போனில் உள்ள பல மருத்துவக் கணிப்பான்களில் இதுவும் ஒன்று.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. இந்திய வம்சாவளி அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே தலைமையில், உலக சுகாதார நிறுவனத்துக்காக 19 கேள்விகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று உருவானது. நோயாளி இவர்தானா, அறுக்க வேண்டிய பக்கம் எது, பஞ்சு எண்ணியாயிற்றா போன்ற சாதாரணக் கேள்விகள். உலகின் 8 நகரங்களில் சோதித்தார்கள், அவற்றில் ஒன்று புது டெல்லி. 2009-ல் வெளியான முடிவின்படி மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தன.

பிறகு பெரிய யந்திரம் வந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை நிபுணர்கள் அதற்குப் புற்றுநோய் சிகிச்சை முறைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். பெங்களூரு மணிப்பால் மருத்துவமனையில் 638 மார்பகப் புற்றுநோயாளிகளின் விவரங்களைக் கொடுத்துப் பார்த்ததில், 93 சதவீதம் நிபுணர் குழுவின் முடிவோடு ஒத்துப்போனது. ஆனாலும் தவறான பரிந்துரைகள் பற்றிய செய்திகள் 2018-ல் அமெரிக்காவில் வெளிவந்தன. 2022-ல் ஐபிஎம் தன் மருத்துவப் பிரிவின் சொத்துகளை விற்றுவிட்டது.

நியூயார்க்கில் கற்ற யந்திரத்துக்கு நம் ஊர் நோயாளியின் கைப்பணமும், மருந்து கிடைப்பதும் கிடைக்காததும் எப்படித் தெரியும்? நெறிமுறை மாறும்போது யந்திரத்தையும் மாற்றியாக வேண்டும். பழைய அரசாணையை வைத்துக் கொண்டு புதுக் கோப்பை முடித்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாதா?

மன்னார்புரத்தில் மாலை நடையில் சந்திக்கும் நம் வயதினரிடையே ஹெர்னியா, பித்தப்பை, புராஸ்டேட் என்று யாருக்காவது அறுவை வந்துகொண்டே இருக்கிறது. டாக்டர் திரையைப் பார்த்தால் சிலர், "இவருக்கு ஒன்றும் தெரியாது போல" என்று நினைக்கிறார்கள். அது தவறு. பார்க்காதவரைக் கண்டுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நர்ஸ் மூன்றாவது முறையாகப் பெயர் கேட்டாலும் கோபப்படாமல் சொல்லுங்கள், அது பட்டியலில் உள்ள கேள்வி. கடைசியில் திரை எழுதுவது குறிப்புதான். கையெழுத்து டாக்டருடையது. "எனக்கு இது ஏன் சார் தேவை?" என்று அவரிடம் கேட்கும் உரிமை நம்முடையது.