வாஷிங் மெஷினில் 'ஃபஸ்ஸி லாஜிக்'... ஒரே மாதிரி விதிக்கு மூன்று அர்த்தமா?

வாஷிங் மெஷின் வாங்கப் போனால் 'ஃபஸ்ஸி லாஜிக்' என்ற ஸ்டிக்கரைப் பார்த்திருப்பீர்கள். "துணி ரொம்ப அழுக்கா இருந்தா ரொம்ப நேரம் துவை" என நாம் பேசுவது போன்ற விதிகளை வைத்து மெஷின் முடிவெடுப்பதுதான் அது.

வழக்கமான கணினி தர்க்கத்துக்கு ஆம், இல்லை இரண்டுதான். அழுக்கு அப்படி இல்லையே! அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த லோட்ஃபி ஸாதே, 1965-ல் இதற்கு வழி சொன்னார். துளியும் அழுக்கில்லை என்றால் 0, முழு அழுக்கு என்றால் 1, நடுவில் 0.7 கூட இருக்கலாம். 1970-களில் லண்டனில் இப்ராஹிம் மம்தானி, இத்தகைய விதிகளால் ஒரு சிறிய நீராவி இன்ஜினை ஓட்டிக் காட்டினார். 1987-ல் ஜப்பானின் சென்டாய் நகர சுரங்க ரயிலுக்கும் இந்த முறை வந்துவிட்டது.

சிக்கல் எங்கே?

'இருந்தா' என்ற சொல்லில்தான். பிரான்ஸின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் டிடியே டுபுவா, ஆன்றி பிராட் இதைப் பிரித்துக் காட்டினார்கள்.

"அழுக்கா இருந்தா நேரமாகும்" என்றால், அழுக்கு கூடக் கூட நேரமும் கூடும். "வானம் கருத்திருந்தா மழை வரும்" என்பது வேறு. கருமை கூடினால் கூடுவது மழையின் அளவல்ல, மழை வரும் என்ற நம்பிக்கை. "வலி இருந்தா வலி மாத்திரை கொடுக்கலாம்" என்பது மூன்றாவது வகை. அது அனுமதி மட்டுமே, மற்ற மருந்துகளைத் தடுக்கவில்லை. 'லாம்', 'ணும்', 'கூடாது' என்று நாம் சுலபமாக மாற்றிப் பேசிவிடுவோம். மெஷினுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

விதிகளைச் சேர்க்கும்போது...

அனுமதி விதிகள் ஒவ்வொன்றும் புதிய வாய்ப்பைக் கூட்டும். மம்தானி முறை இந்த ரகம். கட்டுப்பாட்டு விதிகளோ ஒவ்வொன்றாக வாய்ப்பைக் குறைக்கும்.

"சிறுநீரகம் மோசமா பாதிச்சிருந்தா டைக்ளோஃபினாக் கூடாது" என்பது கட்டுப்பாடு. இதையும் மேலே சொன்ன வலி மாத்திரை விதியையும் 'அல்லது' போட்டுக் கூட்டினால் தடை காணாமல் போய்விடும். டைக்ளோஃபினாக்கும் வலி மாத்திரைதானே!

எந்த விதியும் பொருந்தாத நோயாளி வந்தால்? கட்டுப்பாட்டு முறையில் "எதுவும் இருக்கலாம், தெரியாது" என்று பதில் வரும். மம்தானி முறையில் வருவது வெறும் பூஜ்யம். வாஷிங் மெஷினில் இது தப்பாகிப் போனால் துணியை இன்னொரு முறை போட்டுக்கொள்ளலாம், அவ்ளோதான். மருத்துவமனைத் திரையில் அந்தப் பூஜ்யத்தை 'ஆபத்து இல்லை' என்று யாராவது படித்துவிட்டால், நோயாளி அப்படியே வீட்டுக்கு அனுப்பப்படலாம்.