வட்டி கேட்காத டெபாசிட்

விபத்தில் தலையில் பலத்த அடி என்றால், ஓசூர்க்காரர்கள் வாயில் சட்டென்று வரும் பெயர் நிம்ஹான்ஸ். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி, நேரே பெங்களூரு. அந்த ஆஸ்பத்திரி இருக்கும் சாலையின் பெயரே ஓசூர் ரோடுதான்!

அந்த வளாகத்துக்குள் ஒரு பேங்க் இருக்கிறது. 1995-ல் டாக்டர் எஸ்.கே.சங்கர் முயற்சியில் தொடங்கியது. பணம், நகை எல்லாம் கிடையாது. டெபாசிட் ஆவது மனித மூளை!

எதற்கு? பார்கின்சனோ அல்சைமரோ, மூளைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய, திசுவையே எடுத்துப் பார்த்தாக வேண்டும். ஸ்கேனில் அவ்வளவு நுணுக்கம் தெரியாது. உயிரோடு இருப்பவரிடம் மூளையை வெட்டிக் கேட்க முடியுமா, என்ன?

வரும் மூளையில் ஒரு பகுதி மைனஸ் 80 டிகிரி குளிரில் உறைய வைக்கப்படும். இன்னொரு பகுதி ஃபார்மலினில் வாரக்கணக்கில் ஊறும். இந்த ஃபார்மலின் வந்த கதை சுவாரஸ்யமானது. 1893-ல் ஜெர்மன் டாக்டர் ஃபெர்டினாண்ட் ப்ளூம், கிருமிநாசினியாக அதைச் சோதித்துக்கொண்டிருந்தார். பார்த்தால், தன் விரல் நுனியே விறைத்துக் கிடக்கிறது! அன்றிலிருந்து உலகம் முழுக்க திசுவைக் கெடாமல் காப்பது அதுதான்.

ஊறிய திசுவை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற கருவியில் சீவுவார்கள். ஒரு சீவல் சுமார் 5 மைக்ரான். தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். சாயம் ஏற்றினால் செல்லின் கரு நீலமாக, மற்றது ரோஸ் கலரில் தெரியும்.

நோயாளியின் மூளை மட்டும் இருந்தால் கணக்கு டேலி ஆகாது. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத மூளையும் வேண்டும். அது எங்கே கிடைக்கும்? நேற்றுவரை நன்றாக இருந்து, திடீரென்று போனவரிடம்தான். பெரும்பாலும் சாலை விபத்தில்.

விபத்துச் சாவுக்குப் போஸ்ட்மார்ட்டம் சட்டப்படி கட்டாயம். ஆனால், மூளையை ஆராய்ச்சிக்கு எடுக்க உறவினர் சம்மதம் வேண்டும். நேரம் ஆக ஆக திசு கெடும். அதனால் கேள்வியை அப்போதே, மார்ச்சுவரி வாசலிலேயே கேட்டாக வேண்டும். அழுதுகொண்டிருக்கும் ஒரு மனைவியிடம், ஓர் அண்ணனிடம்.

அந்த நிலையிலும் கையெழுத்துப் போடுகிறார்களே... அவர்கள் போட்ட டெபாசிட்டுக்கு வட்டி இல்லை, பாஸ்புக் இல்லை. பலன் மட்டும், முகம் தெரியாத யாரோ ஒருவருக்குப் போய்ச் சேரும்.